சாம்பல்துறையில் காணாமல் போன ஐந்து பேர்

தண்டையார்பேட்டையில் ஒரு லேத்து பட்டறையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் நாங்கள் நான்கு பேர் கூடுவோம். பட்டறை எங்களில் ஒருவனுடைய அப்பாவுக்குச் சொந்தம். வாரத்தில் ஆறு நாள் இரும்பு கத்தும் இடம். ஏழாவது நாள் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பெஞ்சின் மேல் பழைய செய்தித்தாளை விரித்து, அதன்மேல் எங்கள் வரைபடத்தைப் பரப்புவோம். எல்லோருக்கும் இருபது, இருபத்தொரு வயது. தொண்ணூறுகள் முடிந்துகொண்டிருந்தன.

எங்கள் விளையாட்டுக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் புத்தக ஆட்டம். பாரிமுனை நடைபாதையில், கப்பல்களிலிருந்து கழித்துப்போட்ட சாமான்களோடு கிடந்த, அட்டை கிழிந்த ஓர் ஆங்கிலப் புத்தகத்தை நான் வாங்கி வந்ததில் அது ஆரம்பித்தது. முதல் இருபது பக்கம் இல்லை. படித்துப் புரிந்துகொள்ளவே நாலு மாதம் ஆனது. ஒருவன் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் நடக்க வேண்டும். எதிரே என்ன தெரிகிறது என்று கதைக்காரன் சொல்வான், அங்கே என்ன செய்கிறோம் என்று மற்றவர்கள் சொல்வார்கள். செய்தது பலிக்குமா என்பதை ஓர் எண் தீர்மானிக்கும். கேரம்போர்டு மாதிரி ஜெயிப்பதும் தோற்பதும் கிடையாது. இந்த வாரம் விட்ட இடத்திலிருந்து அடுத்த வாரம் தொடரும்.

எண்ணுக்கு இருபது முகம் உள்ள பகடை வேண்டும் என்றது புத்தகம். பட்டறைக்காரன் பித்தளையில் ஒன்று கடைந்து ராவிப் பார்த்தான். அது எப்படி உருட்டினாலும் பதினொன்றிலேயே நின்றது. கடைசியில் எங்களில் ராயபுரத்திலிருந்து வரும் நண்பன்தான் வழி கண்டுபிடித்தான். அவர்கள் மாதா கோயில் திருவிழாவில், எண்ணைக் கூப்பிட்டு ஹவுசி ஆடும் மரக்காய்களில் ஒன்று முதல் இருபது வரை எடுத்துக்கொண்டு வந்து, காலி பவுடர் டப்பாவில் போட்டுக் கொடுத்தான். குலுக்கி ஒரு காயை எடுக்க வேண்டும். பெரிய எண் நல்லது. சிறிய எண் வந்தால் கதை மோசமாகத் திரும்பும்.

புத்தகத்தில் இருந்ததெல்லாம் பனிமலையும் கோட்டையும். எங்களில் யாரும் பனியைப் பார்த்ததில்லை. இரண்டு மூன்று வாரம் ஆடிப் பார்த்தோம், சொல்லும்போது எனக்கே நம்பிக்கை வரவில்லை. நான் அப்போது டிப்ளமோ முடித்துவிட்டு எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் அப்ரண்டிஸாக இருந்தேன். திருவொற்றியூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போகும்போது கண்ணில் படுவது புகைபோக்கிகள், சாம்பல் குளம், நெட்டுக்குப்பத்துப் படகுகள், அனல்மின் நிலையத்துச் சுடுதண்ணீர் வந்து கலக்கும் கழிமுகம். அவற்றையே வைத்து ஓர் ஊரைக் கட்ட ஆரம்பித்தேன். அதற்குச் சாம்பல்துறை என்று பெயர். நாலு சார்ட் பேப்பரை ஒட்டி வரைபடம் போட்டேன். அந்த ஊரில் ஒரு வெந்நீர் ஆறு உண்டு. உப்பளங்களை ஆளும் எட்டுக் குடும்பங்கள் உண்டு. எந்தக் குடும்பம் எந்தக் குடும்பத்தோடு பேசாது, எந்தச் சந்தில் எந்தக் கள்ளக்கடை என்பதுவரை நோட்டில் எழுதி வைத்திருந்தேன். ஷிஃப்ட் முடிந்து வந்து அதை எழுதுவதற்காகவே சாப்பாட்டை வேகமாக முடிப்பேன்.

கடலை மட்டும் நான் சரியாகக் கட்டவில்லை. அதைச் சொன்னவன் ராயபுரத்து நண்பன். மீன்பிடிக் குடும்பத்துப் பையன், ஆனால் அவன் கடலுக்குப் போவதில்லை. அப்பா இல்லை. அண்ணன் லாஞ்சு என்னும் விசைப்படகில் போய்ச் சம்பாதித்து அவனைப் படிக்க வைத்திருந்தார். துறைமுகத்துக்கு வெளியே ஒரு கிளியரிங் ஏஜெண்டு ஆபீஸில் அவனுக்கு வேலை. என் வரைபடத்தை ஒரு நாள் குனிந்து பார்த்துவிட்டு, “இன்னா மாமு, உன் கடலு தொட்டித் தண்ணி மாரி அப்டியே கீது?” என்றான். பிறகு உட்கார்ந்து எனக்குக் காற்றையும் நீரோட்டத்தையும் சொல்லிக் கொடுத்தான். தெற்கிலிருந்து வடக்கே இழுக்கும் ஓட்டத்தின் பெயர் தெண்டி. வடக்கிலிருந்து வருவது வன்னி. மேல்காற்று அடித்தால் படகு கரையைவிட்டு விலகும். எல்லாவற்றையும் நீல மையில் குறித்துக்கொண்டேன். அன்றிலிருந்து சாம்பல்துறைக்குக் கடல் வந்தது. ஆட்டத்தில் அவன் பாத்திரம் ஒரு மாலுமி. பட்டறைக்காரன் ஒரு கொல்லன். நாலாவது ஆள் வியாசர்பாடியில் கணக்கு டியூஷன் எடுப்பவன், அவன் மந்திரவாதியாக இருந்தான். மந்திரம் தீர்ந்துவிடும் என்று பயந்து ஒருபோதும் மந்திரம் போடமாட்டான்.

ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை புதிய கதை ஆரம்பித்தேன். சாம்பல்துறையிலிருந்து ஐந்து பேரோடு போன படகு திரும்பவில்லை. துறைத்தலைவர் மூன்று பாத்திரங்களையும் கூப்பிட்டுத் தேடச் சொல்கிறார். ஐந்து என்று நான் யோசித்து வைக்கவில்லை. நண்பனின் அண்ணன் போகும் லாஞ்சில் ஐந்து பேர் போவார்கள் என்று அவன் எப்போதோ சொன்னது மனதில் இருந்திருக்க வேண்டும். அன்று அவர்கள் படகுக்குச் சாமான் ஏற்றுவதோடு கதை நின்றது. எங்கள் வழக்கப்படி, அன்று நடந்ததை நண்பன் பொது நோட்டில் எழுதினான். தேதி போட்டு, “படகு திரும்பவில்லை. ஆட்கள் ஐந்து” என்று எழுதியது அவன் கையெழுத்துதான்.

மறுநாள் திங்கட்கிழமை அவன் அண்ணன் கடலுக்குப் போனார். வெள்ளி அல்லது சனி திரும்ப வேண்டும். திரும்பவில்லை.

அடுத்த ஞாயிறு நண்பன் பட்டறைக்கு வரவில்லை. ஒரு நாள் இரண்டு நாள் தாமதம் சகஜம் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். கூடப் போன வேறு லாஞ்சுகள் திரும்பியபோதுதான் விஷயம் தெரிந்தது. புதன்கிழமை வரை இவர்களைப் பார்த்திருக்கிறார்கள். அன்று பலமாக மேல்காற்று அடித்தது. அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. சொந்தக்காரர்கள் மூன்று லாஞ்சில் தேடிப் போனார்கள். விமானத்திலும் தேடுகிறார்கள் என்று சொன்னார்கள். நான் வேலை முடிந்து இரண்டு முறை ராயபுரம் போனேன். அவன் வீட்டு வாசலில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் அழவில்லை. நண்பன் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து என் நோட்டைத் திறந்தேன். கதையின் மிச்சத்தை நான் முன்னமே எழுதி வைத்திருந்தேன். தேடிப் போகிறவர்கள் படகைக் கண்டுபிடிக்கும் இடத்தில் கதைக்காரன் ஒரு காய் எடுக்க வேண்டும். பதினைந்தும் அதற்கு மேலும் வந்தால் ஐந்து பேரும் உயிரோடு இருப்பார்கள். எட்டிலிருந்து பதினாலு என்றால் சிலர் மட்டும். ஏழும் அதற்குக் கீழும் வந்தால் காலிப் படகு. பென்சிலால் சின்னக் கட்டம் போட்டு, அழகாக எழுதியிருந்தேன். அடித்துவிட வேண்டும் என்று பேனா எடுத்தேன். அடித்தால் ஏதோ ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது. மூடி வைத்துவிட்டேன்.

அதற்கடுத்த ஞாயிறு நாங்கள் மூன்று பேரும் பட்டறையில் சும்மா உட்கார்ந்திருந்தோம். பதினோரு மணிக்கு நண்பன் ஷட்டருக்குக் கீழே குனிந்து உள்ளே வந்தான். ஒரு வாரத் தாடி. தன் ஸ்டூலில் உட்கார்ந்தான். டியூஷன்காரன் ஏதோ ஆறுதலாகச் சொல்ல ஆரம்பித்தான். நண்பன் கையைக் காட்டி நிறுத்தினான்.

“ஆடலாம்” என்றான்.

வேறு கதை சொல்கிறேன் என்றேன். உப்பளக் குடும்பங்களின் சண்டை ஒன்று தயாராக இருக்கிறது என்றேன்.

“வேற எதுவும் வாணாம். வுட்ட எடத்துலேர்ந்து சொல்லு.”

பட்டறைக்காரன் என்னைப் பார்த்தான். வேண்டாம் என்று கண்ணால் சொன்னான். ஆனால் நண்பன் ஏற்கெனவே பையிலிருந்து பொது நோட்டை எடுத்து, பேனா மூடியைக் கழற்றி, தேதி எழுதிவிட்டான். வீட்டில் உட்கார முடியவில்லை, டெலிபோன் இருக்கும் பக்கத்துக் கடைக்கும் வீட்டுக்கும் நடந்து நடந்து கால் வலிக்கிறது, இங்கேயாவது ஏதாவது ஒன்று நகரட்டும் என்று மெதுவான குரலில் சொன்னான். அதற்குமேல் மறுக்க எனக்குத் தெரியவில்லை. வரைபடத்தை விரித்தேன்.

அவன் கேள்வி கேட்க ஆரம்பித்தான். காணாமல் போன படகில் எத்தனை நாளைக்கு டீசல் இருந்தது என்றான். சாம்பல்துறையில் டீசல் கிடையாது, அங்கே பாய்மரம்தான். ஆனாலும் யாரும் சிரிக்கவில்லை. நாலு நாளைக்கு என்றேன். ஐஸ் எவ்வளவு என்றான். சொன்னேன். குடிதண்ணீர் எத்தனை கேன். தீர்ந்தால் ஐஸ் உருகிய தண்ணீரைக் குடிக்கலாம், மீன் கவிச்சி அடிக்கும், ஆனால் குடிக்கலாம் என்று அவனே சொல்லிக்கொண்டான். காற்று எந்தப் பக்கம், நீரோட்டம் எந்தப் பக்கம் என்று கேட்டான். தெண்டி என்றேன். பென்சிலை எடுத்து, அவன் எனக்குக் கற்றுக்கொடுத்த கணக்கின்படியே, சாம்பல்துறையிலிருந்து வடகிழக்காக ஒரு கோடு இழுத்தான். ஒரு நாளைக்கு இவ்வளவு என்று புள்ளி வைத்துக்கொண்டே போனான். புள்ளிகள் வரைபடத்தின் ஓரத்துக்கு வந்துவிட்டன. அதற்கப்பால் நான் எதையும் வரைந்திருக்கவில்லை. செய்தித்தாள்தான் இருந்தது. அவன் செய்தித்தாளின் மேலேயே இன்னும் மூன்று புள்ளி வைத்தான்.

ஆட்டத்தில் அவர்கள் மூவரும் தேடிப் போனார்கள். நான் கதை சொன்னேன். மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை கொதித்தது. ஒவ்வொரு வாக்கியத்தையும் யோசித்துச் சொன்னேன், எந்தச் சொல் அவனைக் குத்தும் என்று தெரியாமல். டியூஷன்காரன் முதல் முறையாக மந்திரம் போட்டான், தூரத்தில் இருப்பதைப் பார்க்கும் மந்திரம், தன்னிடம் இருந்த எல்லாவற்றையும் அதில் செலவழித்தான். எடுத்த காயில் பத்தொன்பது வந்தது. வேறு வழியில்லை, படகு கண்ணுக்குத் தெரிகிறது என்று சொல்ல வேண்டியதாயிற்று.

“உள்ள யாரு கீறாங்க?” என்றான் நண்பன்.

கதைக்காரன் மட்டும் பார்க்கும் காய்கள் சில உண்டு. அது புத்தகத்து விதி. கல்யாணப் பத்திரிகை அட்டையை மடித்து ஒரு மறைப்பு வைத்திருந்தேன். அதன் பின்னால் டப்பாவைக் குலுக்கி, கையை விட்டு ஒரு காய் எடுத்தேன். மூன்று.

காயை உள்ளங்கையில் மூடிக்கொண்டேன். பதினேழு என்றேன். ஐந்து பேரும் இருக்கிறார்கள், வெயிலில் கறுத்து, உதடு வெடித்து, ஆனால் உயிரோடு இருக்கிறார்கள், உங்கள் படகைப் பார்த்துச் சட்டையைக் கழற்றி ஆட்டுகிறார்கள் என்றேன். குரல் நன்றாகவே வந்தது. பட்டறைக்காரன் பெரிதாக மூச்சு விட்டான்.

நண்பன் வரைபடத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தான். மெதுவாக எழுந்து, பெஞ்சுக்கு மேலாகக் கையை நீட்டி, என் மணிக்கட்டைப் பிடித்தான். நான் இறுக்கி மூடிக்கொண்டேன். ஐஸ் பெட்டி தூக்கி வளர்ந்த கை அது. என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். மூன்றாம் எண் மேலே தெரியும்படி காய் கிடந்தது.

“அப்போ நீ உள்ளுக்குள்ள இன்னா நெனச்சுகினு கீற?” என்றான்.

நான் கையை விடுவித்துக்கொள்ளப் பார்த்தேன்.

“அவங்க வருவாங்கன்னு நெனச்சிருந்தா, மூணை மூணுன்னு சொல்லியிருப்ப. ஆட்டம்தானே. நீ செத்துட்டாங்கன்னு முடிவு பண்ணிட்ட. அதான் பொய் சொல்ற.”

அவன் சொன்னது உண்மை. அந்த நிமிஷம் வரை எனக்கே அது தெரியாது. வெள்ளிக்கிழமையே நான் மனதுக்குள் அந்த ஐந்து பேரையும் புதைத்துவிட்டிருந்தேன். அவன் காயை டப்பாவில் போட்டு, நோட்டைப் பையில் திணித்துக்கொண்டு, ஷட்டருக்குக் கீழே குனிந்து போய்விட்டான். பட்டறைக்காரன் பின்னாலேயே ஓடினான். கொஞ்ச நேரத்தில் தனியாகத் திரும்பி வந்தான்.

செவ்வாய்க்கிழமை எனக்கு இரண்டாவது ஷிஃப்ட். காலை பத்து மணி இருக்கும், வீட்டுக் கதவை யாரோ தட்டினார்கள். நண்பனின் அண்ணி. ராயபுரத்திலிருந்து தனியாக பஸ் பிடித்துத் திருவொற்றியூர் வந்திருக்கிறார், யாரிடமோ விலாசம் கேட்டுக்கொண்டு. கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். உள்ளே எங்கள் பொது நோட்டு.

என் அம்மா அவரை உட்கார வைத்தாள். அவர் உட்கார்ந்த உடனே நோட்டைத் திறந்து, விரலை வைத்து அடையாளம் பிடித்திருந்த பக்கத்தை என்னிடம் காட்டினார். படகு திரும்பவில்லை, ஆட்கள் ஐந்து. மேலே தேதி. லாஞ்சு போனதற்கு முந்தின நாள்.

நான் பதறிப்போனேன். இது ஒரு விளையாட்டு, கதை, லாஞ்சில் ஐந்து பேர் போவார்கள் என்று தம்பி சொன்னதை வைத்துத்தான் எழுதினோம், வேறு எந்த அர்த்தமும் இல்லை என்று படபடவென்று சொன்னேன். சூனியம் என்று நினைத்து வந்திருக்கிறார், தெருவே கேட்க அழப்போகிறார் என்று பயந்தேன். அம்மாவும் அப்படித்தான் நினைத்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

அண்ணி எல்லாவற்றையும் கேட்டார். அவர் கண்ணில் கோபமே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

“சரி தம்பி. இதுக்கப்பறம் இன்னா ஆச்சி?” என்றார்.

எதற்கப்புறம் என்று புரியாமல் விழித்தேன். கதையில் என்றார். ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் எதையும் எழுதவில்லையாம், தேதி மட்டும் போட்டுவிட்டு வந்துவிட்டானாம். கேட்டால் பேசமாட்டேன் என்கிறானாம். அதனால்தான் என்னிடம் வந்திருக்கிறார்.

இன்னும் முடியவில்லை அண்ணி என்றேன். அது பொய்யில்லை. பையிலிருந்து பேனாவை எடுத்து என் முன்னால் வைத்தார், முன்கூட்டியே நினைத்துக் கொண்டு வந்தவர் மாதிரி. அப்படியானால் முடித்து எழுது என்றார். நான் எழுதினால் எதுவும் நடக்காது, எனக்கு எந்த சக்தியும் கிடையாது என்றேன். தனக்கும் அது தெரியும் என்றார். கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றியாகிவிட்டது, ஆபீஸ் ஆபீஸாகப் போய் மனு கொடுத்தாகிவிட்டது, இனிமேல் செய்ய ஒன்றுமே பாக்கி இல்லை, இது ஒன்று இருக்கிறது என்றார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். எழுதேன்டா என்று அவள் உதடு மட்டும் அசைந்தது.

இரண்டு நாளைக்கு முன்னால்தான் இதே பொய்யைச் சொல்லி அகப்பட்டிருந்தேன். இது நண்பனுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று நினைத்தேன். எழுதாமல் விட்டால் இந்தப் பெண் எப்படி எழுந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடப்பார் என்றும் நினைத்தேன். பேனாவை எடுத்தேன். படகு கிடைத்தது என்று எழுதினேன். அடுத்தது என்ன எழுத என்று கேட்டேன்.

“எங்க வூட்டுக்காரரு வந்துட்டாருன்னு எழுது.”

அப்படியே எழுதினேன். அவர் எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்தார், நோட்டைக் கவரில் போட்டுக்கொண்டார். அம்மா டீ கொடுத்தாள், முழுவதும் குடித்தார். நான் பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போனேன். வழியில் என் வேலையைப் பற்றி விசாரித்தார், கண்ணாடி போடாமல் வெல்டிங் பக்கம் நிற்காதே என்றார்.

வெள்ளிக்கிழமை தகவல் வந்தது. வடக்கே வெகு தூரத்தில், ஆந்திராவையும் தாண்டி, ஒரு சரக்குக் கப்பல் அவர்களைப் பார்த்து ஏற்றிக்கொண்டு விசாகப்பட்டினத்தில் இறக்கியிருந்தது. லாஞ்சைக் கடலிலேயே விட்டுவிட்டார்கள். புதன்கிழமையே என்ஜின் நின்றுபோனதாம். பட்டறைக்காரன் எங்கள் தொழிற்சாலை கேட்டுக்கே வந்து சொன்னான். ஷிஃப்ட் சட்டையோடு அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவன் என்னை விலக்கி, இன்னும் முழுக்கக் கேள் என்றான். கப்பல் ஏற்றியது நாலு பேரை. நண்பனின் அண்ணன் அதில் ஒருவர். ஐந்தாவது ஆள் அந்த லாஞ்சின் டிரைவர், நாற்பது வயதுக்காரர், காசிமேட்டில் வீடு, இரண்டு பெண் பிள்ளைகள். ஒரு நாள் தூரத்தில் ஒரு கப்பல் போனதாம். இவர்கள் கத்தியது கேட்கவில்லை. அவர் காலி டீசல் கேன் இரண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, நீந்திப் போய் நிறுத்துகிறேன் என்று குதித்திருக்கிறார். கொஞ்ச தூரம் வரைக்கும் கேன் தெரிந்ததாம்.

அன்றைக்கு நான் வேலையில் ஒரு ஜாப்பை அளவு தப்பிக் கெடுத்தேன். என் மண்டைக்குள் ஒரே வரி சுற்றிக்கொண்டிருந்தது. எங்க வூட்டுக்காரரு வந்துட்டாரு. ஒரே ஓர் ஆளைத்தான் எழுதினேன். பேனா என் கையில் இருந்தது. ஐந்து பேரும் வந்துவிட்டார்கள் என்று எழுத என்னை யார் தடுத்தது? எழுதினால் எதுவும் நடக்காது என்று நானே சொன்னேன், அது எனக்குத் தெரியும். தெரிந்தும் தூக்கம் வரவில்லை. பத்து நாள் இப்படியே போனது. சாப்பாடு இறங்கவில்லை. எனக்குக் காய்ச்சல் என்று அம்மா நினைத்தாள்.

நண்பனை நான் போய்ப் பார்க்கவில்லை. அவன்தான் வந்தான். கதவுக்கு வெளியே நின்று, வா, கடற்கரை வரைக்கும் நடக்கலாம் என்றான். கருங்கல் தடுப்பின்மேல் உட்கார்ந்தோம். அண்ணி வந்துபோனதை அவரே அவனிடம் சொல்லிவிட்டாராம். நான் முந்திக்கொண்டு மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். அது எங்கெங்கோ போய் டிரைவரிடம் வந்து நின்றது. அவரை நான் எழுதவில்லை என்றேன். சொல்லிவிட்டு அழுதேன். இருபத்தொரு வயதில், பட்டப்பகலில், வலை காயப்போட வந்தவர்கள் பார்க்க.

அவன் விரல்விட்டு எண்ணினான்.

“நீ எழுதுனது செவ்வாக்கெழம. அவரு குதிச்சது அதுக்கு முன்னாடி சனிக்கெழம. அண்ணன் நாள் எண்ணிகினு இருந்திச்சி. நானும் இதையேதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்” என்றான்.

அவன் ஏன் கணக்குப் போட வேண்டும் என்று கேட்டேன். நோட்டில் ஐந்து என்று எழுதியது தன் கைதானே என்றான். அண்ணன் இல்லாத அந்தப் பதினெட்டு நாளும் அதையே நினைத்துக்கொண்டிருந்ததாகச் சொன்னான். என்மேல் வந்த கோபத்தில் பாதி அதுதான் என்றான். மீதி பாதி எனக்கு உரியதுதான் என்றும் சொன்னான்.

பிறகு எழுந்து, டிரைவர் வீட்டுக்குப் போகலாம் வா என்றான். அவர்களுக்கு என்னை யாரென்றே தெரியாதே என்றேன். தெரிய வேண்டாம், போய் உட்கார்ந்துவிட்டு வரலாம் என்றான். தான் தினமும் போவதாகவும், இன்றைக்குத் தனியாகப் போகப் பிடிக்கவில்லை என்றும் சொன்னான். போனோம். சுவரில் மாலை போட்ட படம் இல்லை. அந்த அம்மாள் அதற்கு இன்னும் சம்மதிக்கவில்லை. கேன் கட்டிக்கொண்டு போனவரை வேறு ஏதாவது கப்பல் ஏற்றியிருக்கும், எந்த ஊரிலாவது இறக்கியிருக்கும் என்றார். நண்பன் ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. பெரிய பெண் ஒன்பதாவது படித்தாள், கணக்கு வரவில்லை என்றாள். வியாசர்பாடியில் ஒருவன் நன்றாகச் சொல்லித் தருவான் என்றேன். டியூஷன்காரன் பத்தாவது முடியும்வரை வாரம் இரண்டு நாள் சைக்கிளில் காசிமேடு போய் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தான்.

ஆட்டம் மறுபடி தொடங்கத் தை மாதம் ஆகிவிட்டது. நான் கதை சொல்லமாட்டேன் என்றேன். மற்ற இரண்டு பேருக்கும் வராது. நண்பன் தான் சொல்வதாகச் சொல்லி, மூன்று வாரம் அவகாசம் கேட்டான். நாலாவது வாரம் சொந்தமாக ஒரு வரைபடத்தோடு வந்தான். மலை, பாறை, பாறைக்கு நடுவே ஒரு ரயில் பாதை, ரயில் பாதையை ஒட்டி ஏழு ஊர். எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் நீல மை இல்லை. ஆறு இல்லை, குளம் இல்லை, ஒரு கிணறுகூட இல்லை.

டியூஷன்காரன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முழுக்கப் பார்த்தான். இத்தனை ஊர் வைத்திருக்கிறாயே, இந்த ஜனங்கள் குடிக்கத் தண்ணீருக்கு எங்கே போவார்கள் என்று கேட்டான்.

நண்பன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “லாரில வரும்” என்றான்.